தவளை வண்டியின் டக் டக்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அடி அண்ணாமலையில் டிராக்டர் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், கார் வைத்திருந்தவர்கள்கூட இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நாலு சக்கர பைக் வைத்திருந்தவர் என் அப்பா ஒருவர்தான். கடற்கரை ஊர்களில் சுற்றுலா வருகிறவர்கள் மணலைக் கிளப்பிக்கொண்டு ஓட்டுவார்களே, அந்த வண்டி. சீட்டும் கைப்பிடியும் பைக் மாதிரி இருக்கும். கீழே பார்த்தால் பூசணிக்காய் போல நாலு டயர். முன்னால் இரண்டு விளக்குகள் துருத்திக்கொண்டிருக்கும். நிறமும் பச்சை. வந்து இறங்கிய பத்தாவது நிமிடத்தில் ஊர் அதற்குத் தவளை வண்டி என்று பெயர் வைத்துவிட்டது.

அப்பா அதை வாங்கப் போகவில்லை. கட்டில் வாங்கத்தான் போனார். கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு விடுதியை மூடிவிட்டார்கள், சாமான்களை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மினி லாரி பேசிக்கொண்டு கிளம்பினார். அம்மா எங்கள் பழைய கட்டிலைப் பிரித்து வெளியே போட்டுவிட்டு, கூடத்தைக் கழுவிவிட்டுக் காத்திருந்தாள். சாயங்காலம் லாரியிலிருந்து பலகை போட்டு இறக்கப்பட்டது தவளை. கட்டில் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, கட்டில்கள் அவ்வளவு நன்றாக இல்லை என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அவர் எதையும் மெதுவாகத்தான் சொல்லுவார். அதற்கப்புறம் பல மாதங்கள் நாங்கள் பாயில்தான் படுத்தோம்.

வாங்கியதில் நியாயம் இல்லாமலும் இல்லை. எங்கள் நிலம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போகிற பாதையில் டிராக்டர் நுழையாது, பைக் சேற்றில் சறுக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிற கூட்டத்துக்காக அம்மா வீட்டு முன்னால் வெள்ளரிக்காய்க் கடை போடுவாள். அதற்கு வேண்டிய காயையெல்லாம் அப்பா மூட்டை மூட்டையாகத் தலையில் சுமந்துவருவார். தவளை வந்த பிறகு இரண்டு மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதன்மேல் என்னையும் உட்காரவைத்துக்கொண்டு, வரப்பு மேடு எல்லாம் ஏறி இறங்கி வந்துசேர்ந்தார். நான் பள்ளியில் இதைப் பற்றிச் சொல்லாத ஆள் இல்லை.

ஒரே குறை, சத்தம். எஞ்சினுடைய சாதாரண இரைச்சலுக்குள்ளே இன்னொரு சத்தம் தனியாகக் கேட்கும். டக் டக் டக் டக் என்று யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிற மாதிரி. காலையில் கம்மியாக இருக்கும். மூட்டை ஏற்றி மேட்டில் ஏறினால் ஜாஸ்தியாகும். எங்கள் தெரு முனையில் திரும்பும்போதே டீக்கடைக்காரர் அப்பாவுக்கு டீ போட ஆரம்பித்துவிடுவார். நாய்கள் எல்லாம் எழுந்து நின்று பார்க்கும். ஊரில் பாதிப் பேர் அப்பாவை நிறுத்தி, வண்டியில் ஏதோ சத்தம் வருகிறதே, பார்க்கக்கூடாதா என்று கேட்டார்கள். அப்பா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்.

"எனக்கு ஒன்னும் கேக்கலையே."

கட்டிலுக்குப் பதில் வாங்கிவந்த பொருளில் குறை இருப்பதாக எந்த மனிதர் ஒத்துக்கொள்வார்? நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். எனக்கு அதில் பெருமையும் இருந்தது. ஒருநாள் கிரிவலப் பாதையில் நானும் அப்பாவும் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பஸ் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா ஒதுங்கவில்லை. மறுபடியும் அடித்தார். என் காது கிழிந்துவிடும்போல இருந்தது. அப்பா நடு ரோட்டில் நிதானமாக, வயலைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். கடைசியில் பஸ் எங்களை உரசுகிற மாதிரி வளைத்துக்கொண்டு போனபோதுதான் திடுக்கிட்டு ஓரம் கட்டினார். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டியதை எழுத முடியாது. மறுநாள் வகுப்பில், எங்கள் அப்பா பஸ்ஸுக்கெல்லாம் வழிவிடமாட்டார் என்று சொன்னேன். ஒரு பையன் நம்பவில்லை. அவனைக் கிள்ளிவைத்தேன்.

அம்மாவுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அவளுக்கு இருந்தது கோபம். அது தவளைக்கு முன்பே ஆரம்பித்தது. அவள் தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டு ஏதாவது சொல்லுவாள், அப்பா பாட்டுக்கு வெளியே போய்விடுவார். சமையலறையிலிருந்து கூப்பிடுவாள், திரும்பிப் பார்க்கமாட்டார். செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்குது என்று சொல்லுவாள். பிறகு அதையும் சொல்லாமல் விட்டாள். அப்பாவிடம் பேசவேண்டியதை எல்லாம் என்னிடம் சொல்லி அனுப்பத் தொடங்கினாள். நான் போய் அப்பா எதிரில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்துவேன். சாப்பாடு ஆறுதாம். அரிசி இல்லையாம். அப்பா உடனே எழுந்து வருவார். எங்கள் வீட்டில் அப்பா மதிப்பது என்னை ஒருத்தியைத்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

விசித்திரம் என்னவென்றால், தவளைமேல் ஏறிவிட்டால் இருவரும் நன்றாகப் பேசிக்கொள்வார்கள். நிலத்துக்குப் போகும்போது அம்மா பின்னால் உட்கார்ந்து, அந்த இரைச்சலை மீறி அப்பாவின் தோளுக்கு மேலே தலையை நீட்டிக் கத்திக் கத்திப் பேசுவாள். அப்பா சிரித்துக்கொண்டே பதில் சொல்லுவார். வீட்டில் வந்து இறங்கி எஞ்சினை அணைத்ததும் பழையபடி ஆகிவிடும். வண்டியில் ஏதோ நல்ல குணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இந்த நிலைமையில்தான் மாமா லீவில் வந்தார். மாமா அம்மாவின் தம்பி. ஓசூர்ப் பக்கம் ஒரு வண்டிக் கம்பெனியில் வேலை. கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஊருக்கு வருவார். தெரு முனையில் தவளை திரும்பும் சத்தத்தைக் கேட்டதுமே, வண்டியைப் பார்க்காமலேயே, டேப்பட் என்றார். எஞ்சினுக்கு மேலே வால்வு திறந்து மூடுகிற இடத்தில் ஒரு இடைவெளி இருக்கும், அது அதிகமாகிவிட்டால் இப்படித்தான் தட்டும், அரைமணி நேர வேலை என்று விளக்கினார். அளவு பார்க்கக் கருவி இல்லாததால் அப்பாவின் சவர பிளேடைச் செருகிப் பார்த்து, திருகி, மூடி, ஸ்டார்ட் செய்தார்.

"இப்ப கம்மியாயிடுச்சி இல்ல?" என்று எங்களைப் பார்த்தார்.

டக் டக் டக் டக்.

மறுநாள் அது டேப்பட் இல்லை, உள்ளே ஓடுகிற செயின் தளர்ந்திருக்கிறது என்றார். அதையும் இறுக்கினார். அதற்கு மறுநாள் கெட்டியான ஆயில் ஊற்றினார். அதில் இரண்டு நாள் சத்தம் அடங்கியிருந்தது. மாமா அந்த இரண்டு நாளும் தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் முன்னைவிட ஓங்கித் தட்டியது. இத்தனைக்கும் நடுவில் அப்பா, ஒன்றும் இல்லாத வண்டியை எதற்குப் போட்டு நோண்டுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அம்மாவே நேராக அப்பாவிடம் வந்தாள். உலகத்துக்கே கேட்பது உங்களுக்கு மட்டும் கேட்காதா, நாங்கள் எல்லாரும் பொய் சொல்கிறோமா என்று கேட்டாள். அப்பா சாப்பிடாமல் நிலத்துக்குப் போய்விட்டார். நடந்தே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா டவுனிலிருந்து, லேத் பாய் என்று எல்லோரும் கூப்பிடுகிறவரைக் கூட்டிவந்தார். டவுனில் இரும்பு கடைகிற பெரிய லேத் பட்டறை வைத்திருந்தவர். மோட்டார், எஞ்சின் எல்லாம் அவரிடம்தான் போகும். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது சத்தத்துக்காக இல்லை, தவளையைப் பார்க்கிற ஆசையில். வண்டியை இரண்டு முறை சுற்றிவந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். சீட்டில் ஏறி உட்கார்ந்துகூடப் பார்த்தார். பிறகுதான் ஆயிலை வடிக்கச் சொன்னார். வடிந்த ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். ஜிகினா தூவின மாதிரி மின்னியது. அம்மா தைக்கிற ரவிக்கைகளில் இருக்குமே, அந்த மாதிரி. எனக்கு அழகாக இருந்தது. பாய், இரும்புத் தூள் என்று முகத்தைச் சுளித்தார்.

புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, பையிலிருந்து முழ நீள ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். அதன் முனையை ஓடுகிற எஞ்சினின் தலையில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். பிறகு நடுவில் வைத்தார். பிறகு கீழே. கீழே வைத்ததும் தலையை ஆட்டினார். மாமா வாங்கிக் கேட்டார். அம்மா கேட்டாள். என்னையும் விட்டார்கள். மேலே வைத்தபோது தூரத்தில் கேட்ட தட்டல், கீழே வைத்ததும் என் மண்டைக்குள்ளேயே சுத்தியால் அடித்தது. பயந்துபோய் எடுத்துவிட்டேன்.

"மேல ஒன்னும் இல்ல தம்பி," என்று பாய் அப்பாவிடம் சொன்னார். "கீழ ராடு பேரிங் போயிடுச்சி. இப்பிடியே ஓட்டினா ஒருநாள் ராடு பொத்துக்கினு வெளிய வந்துடும். புள்ளைய வேற ஏத்திக்கினு போற."

பிஸ்டனையும் அடியில் சுற்றுகிற கிராங்கையும் இணைக்கிற இரும்புத் தண்டுக்குத்தான் ராடு என்று பெயர். அப்பா அதைக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்தார். எனக்கு அப்படி ஒன்றும் கேட்கவில்லை பாய் என்று மறுபடியும் சொன்னார். ஆனால் இந்த முறை அதில் பிடிவாதம் இல்லை. ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி சொன்னார். பாய் ஸ்குரூ டிரைவரை அவரிடம் நீட்டினார். அப்பா கைப்பிடியைக் காதருகில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"காதுகிட்ட காட்டாத. பின்னாடி எலும்பு இருக்குது பாரு, அதுமேல வெச்சி அழுத்து," என்றார் பாய்.

அப்பா காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் கைப்பிடியை வைத்து அழுத்தினார். அவர் முகம் அப்படி ஆனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்துகொண்டது. கண் எங்கேயோ நின்றது. நாங்கள் எல்லோரும் பத்து நொடியில் கேட்டுவிட்டுக் கொடுத்த கருவியை அவர் கொடுக்கவே இல்லை. கீழே வைத்தார், மேலே வைத்தார், பின்னால் சைலன்சர் பக்கம் வைத்தார், பெட்ரோல் டேங்கில் வைத்தார், மறுபடி கீழே வந்தார். எஞ்சின் சூடாகி ஆயில் வாடை வந்தது. மாமா அணைத்துவிட்டார். அணைத்த பிறகும் அப்பா கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார்.

"இவ்ளோ சத்தமா?" என்றார் கடைசியில். "இத்தினி நாளா உங்களுக்கு இதுதான் கேட்டுச்சா?"

இதைத்தானே ஊரே இரண்டு மாதமாகச் சொல்கிறது என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அம்மாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அம்மா கையில் டீ டம்ளரோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு பாயைப் பார்த்தாள், பிறகு மறுபடி அப்பாவைப் பார்த்தாள். எஞ்சினை வீட்டுக்குள் வைத்துப் பிரிக்க அனுமதி கேட்கிறார்போல என்று நினைத்தேன். ஏனென்றால் அதுதான் நடந்தது. பட்டறையில் இடம் இல்லை, நீங்களே கழற்றிப் பிரியுங்கள், கிராங்கை மட்டும் என்னிடம் கொண்டுவாருங்கள் என்று பாய் சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம். வெளியே கொட்டகை இல்லை. கட்டில் வரவேண்டிய இடம் கூடத்தில் காலியாகத்தான் கிடந்தது.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்களைப் போல எங்கள் வீடு எப்போதும் இருந்ததில்லை. கூடம் முழுக்கப் பேப்பர் விரித்து நடுவில் எஞ்சின். அம்மா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கழற்றுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று எழுதினாள். ரவிக்கை அளவு எழுதுகிற அதே கையெழுத்து. வெட்டுத் துணியில் எண்ணைச் சாக்பீஸால் எழுதி ஒவ்வொரு சாமானிலும் கட்டினாள். சின்ன போல்ட்டுகளுக்கு இட்லித் தட்டைக் கொடுத்தாள். குழிக்கு நாலு போல்ட். நான் மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவினேன். அந்த நாள்களில் நாங்கள் தோசை மட்டும் சாப்பிட்டோம்.

மாமா கொஞ்சம் கொஞ்சமாக அமைதியானார். பெரிய நட்டு ஒன்று வரவே இல்லை. ஸ்பேனரில் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றார். நட்டு வந்தது, மாமாவும் வந்தார், அரிசி டிரம்மின்மேல். எஞ்சினை இரண்டாகப் பிளந்த அன்று, உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். கம்பெனியில் நீ என்ன வேலைதான் செய்கிறாய் என்று அம்மா கேட்டாள். கண்ணாடி மாட்டுகிற வேலை என்று ஒப்புக்கொண்டார். வலது பக்கக் கண்ணாடி. இடது பக்கத்துக்கு வேறு ஆள்.

அதற்குப் பிறகு வேலை அப்பா கைக்குப் போனது. அவர் அதிகம் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பார். பிஸ்டனின் ஓரத்தில் எங்களுக்குத் தெரியாத கீறலை அவர் விரல் கண்டுபிடித்தது. ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். அசையக்கூடாதது கடகடவென்று ஆடியது. பாய் கிராங்கைத் தன் பட்டறையில் அழுத்திப் பிரித்து, அந்த வெளிநாட்டு எஞ்சினுக்கு நம் ஊர் பைக் ஒன்றின் ராடு சரியாகப் பொருந்துவதைக் கண்டுபிடித்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு பாதிக்கும் நடுவே வைக்கிற பேக்கிங் எங்கும் கிடைக்கவில்லை. அம்மா பேக்கிங் ஷீட்டை விரித்து, எஞ்சினின் விளிம்பை அதில் ஒற்றி எடுத்து, தையல் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தாள். கழுத்து வெட்டுவதைவிட இது சுலபம் என்றாள்.

பிஸ்டனை மாட்டும்போது ஒரு விபத்து. அதில் செருகுகிற பின் கழன்றுவிடாமல் பிடித்து நிறுத்துகிற கம்பி வளையம், மோதிரத்தில் பாதி அளவு இருக்கும், மாமா கையிலிருந்து தெறித்துவிட்டது. டிங் என்று அது அரிசி டிரம்மில் பட்டதை நானும் அம்மாவும் மாமாவும் கேட்டோம். மூன்று பேரும் டிரம் பக்கம் பாய்ந்தோம். அப்பா மட்டும் எதிர்ப்பக்கம் சாமி படத்துக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தார். மாமாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய் அப்பாவின் தோளைத் தொட்டு, அவர் திரும்பியதும், கிடைச்சிடுச்சிங்க என்றாள்.

அம்மா மாறிப்போயிருந்தாள். இதை நான் வருத்தத்தோடுதான் கவனித்தேன். அப்பாவிடம் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்புவதை நிறுத்திவிட்டாள். வேலையை விட்டு எழுந்து அவளே போவாள். தோளைத் தொடுவாள். வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி எதிரில் வந்து நின்று பேசுவாள். ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்லவேண்டி வந்தாலும் கோபப்படமாட்டாள். புதுப் பெண் மாதிரி நடந்துகொள்கிறாள் என்று மாமா கேலி செய்தார். எனக்கு வேலை போய்விட்டது. சாப்பாடு ஆறுதாம் என்று நானாகவே ஒருநாள் போய்க் கத்தினேன். அப்பா அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார்.

பௌர்ணமிக்கு முந்தின ஞாயிறு எஞ்சினைத் திரும்ப வண்டியில் ஏற்றினோம். எல்லாம் முடிந்த பிறகு இட்லித் தட்டில் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது. அது உபரி என்றார் மாமா. அம்மா நோட்டைப் புரட்டினாள். முப்பத்தொன்றாம் எண், வலது பக்க மூடிக்கு உள்ளே. மறுபடியும் பிரித்து மாட்டினோம். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற வண்டி அது. மாமா இருபது முறை இழுத்தார். அப்பா இருபது முறை இழுத்தார். தெருவே வந்து நின்று யோசனை சொன்னது. டீக்கடைக்காரர் டீயோடு வந்துவிட்டார். அம்மா குனிந்து பார்த்து, பெட்ரோல் திறக்கவில்லை என்றாள். திறந்தோம். அடுத்த இழுப்பில் தவளை ஒரு பெரிய வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு உயிர் பெற்றது.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். இரைச்சல் இருந்தது. அதற்குள்ளே யாரும் கதவைத் தட்டவில்லை. மாமா கை தட்டினார். தெருவும் தட்டியது. அப்பா மட்டும் எங்களை நம்பவில்லை. பாய் விட்டுப்போயிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து, காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டு, மேலே, நடுவில், கீழே என்று ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"இல்ல," என்றார். "சத்தம் இல்ல."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையில் எனக்கும்தான் கண் எரிந்தது.

அன்று அப்பா அந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை. தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லிக் கேட்டார். மிக்ஸியைக் கேட்டார். அம்மாவைத் தையல் மிஷின் மிதிக்கச் சொல்லி, மேசைமேல் முனையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். சுவரில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ப் பேசு என்று மாமாவை அனுப்பினார். நாங்கள் ஊர்வலம் மாதிரி பின்னாலேயே போனோம். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மதியம் சாப்பிட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். பாயில் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஸ்குரூ டிரைவரை ஓரமாக வைத்துவிட்டு, தன் தலையை என் தலையோடு ஒட்டி, காதுக்குப் பின்புறம் என் மண்டையில் அழுந்துகிற மாதிரி சாய்த்துக்கொண்டார். அவர் மேலே மண்ணெண்ணெயும் ஆயிலும் வீசியது. தலை கனமாக இருந்தது.

"பேசு பாப்பா," என்றார்.

"என்னா பேச?"

"எதுனா. ஸ்கூல்ல இன்னா நடந்துச்சி, சொல்லு."

பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் வாசனை ரப்பர் காணாமல் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். டீச்சர் எல்லோருடைய பையையும் கொட்டிப் பார்த்தார், எதிலும் இல்லை என்பது வரை வந்திருப்பேன். அப்பா கண்ணை மூடியிருந்தார். கொரல் பெருசாயிடுச்சே உனுக்கு என்று மெதுவாகச் சொன்னார். நேற்றுதானே கத்தினேன், அதற்குள் எப்படிப் பெரிதாகும் என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குள் வெளியே கயிறு இழுபடும் சத்தம். தவளை கிளம்பிவிட்டது. யார் வரீங்க என்று மாமா கூப்பிட்டார். நான் தலையை உருவிக்கொண்டு எழுந்தேன். அப்பா சாய்ந்த பக்கமே தடுமாறிக் கையை ஊன்றிக்கொண்டார். வாசலில் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"உள்ள போ. அவருகிட்ட பேசி முடிச்சிட்டு அப்புறம் எங்கனா போ."

"விடு," என்றார் அப்பா உள்ளேயிருந்து. அம்மா பேசியது அவருக்குக் கேட்டிருக்காது, அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். "போவட்டும். சின்னப் பொண்ணு."

அந்தப் பௌர்ணமிக்கு வெள்ளரிக்காய் தட்டுப்பாடில்லாமல் வந்தது. மழைக்காலம் முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் வேலூருக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். பிறகு இன்னொரு முறை போய்த் தங்கி, அப்பா ஒரு காதில் பஞ்சோடு திரும்பினார். காதுக்குள்ளே ஒரு குட்டி எலும்பு அசையாமல் இறுகிவிட்டிருந்ததாம். வெளியிலிருந்து வருகிற ஒலி உள்ளே போக வழியில்லை. ஆனால் மண்டை எலும்பு வழியாக வந்தால் தெளிவாகக் கேட்கும். தங்கள் குரல் எலும்பு வழியாக ஓங்கிக் கேட்பதால் இந்த நோய்க்காரர்கள் சத்தமாகப் பேசமாட்டார்கள், மெதுவாகத்தான் பேசுவார்கள், அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கே சந்தேகம் வராது. பாயின் சொந்த அண்ணனுக்கும் இதே குறை இருந்ததால் அவருக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. இதையெல்லாம் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்குத் தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது இரண்டு வருடமாகவே தெரியும். வெளியில் தெரிந்தால் செவிடன் என்பார்கள் என்று, பிடிவாதக்காரர் என்ற பெயரை வாங்கிக்கொண்டு இருந்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தைய அந்த இரண்டு வருடத்தில், நான் கத்தாமல் பேசி அவர் கேட்டது, அன்றைக்கு நான் சொன்ன அந்த நாலைந்து வரிகள்தான். ரப்பர் அவள் ஜடையிலேயே மாட்டிக்கொண்டிருந்தது என்பதுகூட அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், மாமா கூப்பிடுகிறார், வண்டி டக் டக் இல்லாமல் ஓடுகிறது என்பது மட்டும்தான். ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். ஏரிக்கரைத் திருப்பம் வரைக்கும், பார் பார் என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டே போனேன். அப்பா வாசலுக்கு வந்து நின்று, நாங்கள் மறையும் வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.